ஏசுஅடிமை பார்க்காத ஆட்டம்

நடுவர் சுண்டிவிட்ட நாணயம் மேலே போனது. கீழே வரவில்லை. இரண்டு அணித் தலைவிகளும் நடுவரும் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றார்கள். பிரீனா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் பயந்தது போலவே ஸ்பீக்கரிலிருந்து 'டொடுங்' என்று ஒரு சத்தம் வந்தது. கணினித் திரையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கே காணாமல் போயிற்று. கூடவே அதில் இருந்த மகளிர் கால்பந்து இறுதியாட்டம் முழுவதும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து வந்ததிலிருந்து இதே கதைதான். கணினியை அணைத்துப் போட்டால் டிஸ்க் நல்ல பிள்ளையாகத் திரும்பி வரும். படத்தை ஓடவிட்டால் கொஞ்ச நேரம் ஓடி, நம்பிக்கை கொடுத்துவிட்டு, மறுபடியும் போய்விடும். ஆட்டம் வெளிமாவட்டத்தில் நடந்தது. இரணியலிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் வந்தால் இந்தக் கடற்கரை ஊர். இங்கிருந்து ஒரு பெண்கள் அணி இறுதியாட்டம் வரை போனது இதுவே முதல் தடவை. அதனால் பிரீனாவின் கணவன் கிளீட்டஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் முழு ஆட்டத்தையும் எடுத்து வந்தான். வந்ததும் எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, மறுநாள் கல்யாண வேலைக்காக கேமரா கார்டுகளை அழித்தும்விட்டான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டாமா என்று அவள் கேட்டபோது, "பின்ன, இது எழும்பி ஓடியா போவும்?" என்றான். இப்போது ஓடிப்போய்க்கொண்டிருந்தது. அவனோ அருமனையில் ஒரு ஞானஸ்நான வீட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அருமனை பிரீனாவின் பிறந்த ஊர். அந்த ஞானஸ்நானம் அவளுடைய சித்தி மகளின் குழந்தைக்கு. ஆட்டத்தை வெட்டி ஒட்டிச் சாயங்காலத்துக்குள் தயார் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அவள் போகாமல் இருந்துவிட்டாள்.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் திரை கட்டி ஊருக்கே காட்டுவதாகச் சொல்லியாயிற்று. ஊர் ஏற்கெனவே எல்லாவற்றையும் அறியும். ஆட்டம் சமநிலையில் முடிந்து டைபிரேக்கருக்குப் போனதையும், எதிரணியின் கடைசி உதையை நம்முடைய கோலி லிஜா பாய்ந்து தடுத்ததையும், நம் பக்கத்தில் உதைக்க வேண்டியவள் கால் பிசகி உட்கார்ந்துவிட, அந்த லிஜாவே கோலை விட்டு நடந்து வந்து பந்தை உதைத்து ஜெயிக்க வைத்ததையும் மீன் ஏலத்தில்கூடச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அறியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் லிஜாவின் அப்பா ஏசுஅடிமை.

ஆட்டம் நடந்த அன்று அவர் ஆழ்கடலில் இருந்தார். மகள் விளையாடுகிற நாளெல்லாம் அவருக்குக் கடல்தான் வாய்த்தது. பக்கத்துப் படகு வயர்லெஸ்ஸில் 'பிள்ளையள் ஜெயிச்சாச்சு' என்று கத்தியது வரை கேட்டிருக்கிறார். அதற்கு மேல் சொல்ல வந்தவனிடம், "வாய மூடுலே! மிச்சத்த நான் கண்ணால பாக்கணும்" என்று சத்தம் போட்டு வயர்லெஸ்ஸையே அணைத்துவிட்டாராம். நேற்றுக் கரை வந்தவர், நாளை விடியுமுன் மறுபடியும் போகிறார். இந்த இடைவெளியில் ஊரே அவருக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. அவர் மனைவி குளோரியின் போனில் கடைசி உதையின் படம் இருந்தது என்றாலும், உதைக்கு முன்பே அவள் போனோடு சேர்த்துக் கைகூப்பிவிட, அது வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மேகமும் பெண்களின் அலறலும்தான் அதில் இருந்தன. அதையும் ஏசுஅடிமை பார்க்க மறுத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நிழல் தட்டியது. பிரீனா திரும்பினாள். ஏசுஅடிமைதான். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நான் ஒண்ணும் பாக்கல்ல, கேட்டியா. படம் ரெடியா மக்கா?"

"ரெடியாக்கும் அண்ணா" என்றாள் பிரீனா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கொள்ளாம், கொள்ளாம்" என்று கண்ணைத் திறக்காமலே திரும்பி நடந்தவர், வாசல் தென்னையில் முட்டிக்கொண்டு, அதனிடமும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் பிரீனா கணினிப் பெட்டியை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு இரணியலுக்குப் போனாள். ஸ்டேஷன் ரோட்டில் குமாரதாஸின் கணினிக் கடை ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை திறந்திருக்கும். அவர் ஆள் பருமன், பேச்சு மெல்லிசு. பெட்டியைத் திறந்து, சுழலும் டிஸ்க்கின் மேல் விரல்களை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் பக்கத்தைத் திரையில் விரித்தார்.

"தங்கச்சி, பேடிக்காத. டிஸ்க்கு கல்லு மாதிரி இரிக்கு. ஒரு எடம்கூட கெட்டுப் போவல்ல. இந்த ஒரு எண்ணுதான் ஏறிக்கிட்டே போவுது, பாத்தியா? இது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல, வழியில தப்பிப்போன தகவலுக்க கணக்கு. சரக்கு நல்ல சரக்கு. வண்டிதான் மோசம்."

சிவப்பு நிறக் கேபிள் ஒன்றை உருவிப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு நீலக் கேபிளை மாட்டினார். போர்டில் வேறு துளையில் செருகினார். படத்தை ஓடவிட்டதும் நாணயம் கீழே வந்தது. டாஸில் எதிரணி ஜெயித்தது. பிரீனா தன்னையறியாமல் கைதட்டினாள். பிரிண்டர் வாங்க வந்த ஒருவர், "எந்த ஊரு டீமு?" என்று கேட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். எந்தத் தடங்கலும் இல்லை. குமாரதாஸ் பெட்டியின் பக்கக் கதவைப் பொருத்தித் திருகுகளை முறுக்கி, ஒரு தட்டு தட்டிக் கொடுத்து அனுப்பினார். பிரீனா ஆட்டோவில் வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் மாட்டி ஓடவிட்டாள். நாணயம் இறங்கியது, ஆட்டம் தொடங்கியது, நம் பெண்ணொருத்தி பந்தைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளே எறியப் போனாள். தூக்கிய பந்தோடு நின்றுவிட்டாள். 'டொடுங்'.

அந்தச் சத்தத்தை இனிமேல் கனவிலும் கேட்கக்கூடாது என்று பிரீனாவுக்கு இருந்தது. அவள் குமாரதாஸைக் கூப்பிட்டாள்.

"இங்கன நல்லா ஓடிச்சே!" என்றார் அவர், தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் குறும்பு செய்ததைக் கேட்ட அப்பாவைப் போல. "ஆட்டோவுல குலுங்கியிருக்கும். தெறந்து கேபிளுக்க ரெண்டு தலையையும் நல்லா அமுக்கி விடு."

திறந்தாள். அமுக்கினாள். ஓடியது. மூடித் திருகைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போனது. மறுபடியும் போன். இந்தத் தடவை அவர் கரண்டு வரும் வயரை மாற்றச் சொன்னார். பெட்டிக்குள் இருந்த இன்னொரு டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தாள். அந்த இன்னொன்றில் ஊர்க் கல்யாணங்களெல்லாம் தொண்டை வரை நிறைந்து கிடந்தன. ஒரு பாட்டு வைக்கக்கூட அதில் இடம் இல்லை. கரண்டு மாற்றியதும் ஓடியது. மூடினாள். போனது. பிரீனா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கறுப்புப் பெட்டியை முறைத்துப் பார்த்தாள். கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடமாட்டேன் என்கிறது. அவர் முன்னால் ஓடுகிறது, என் முன்னால் ஓடமாட்டேன் என்கிறது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், கிளீட்டஸின் வீட்டு நாய் அவளிடம் இப்படித்தான் நடந்துகொண்டது.

சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தாள். பெட்டியை இன்னொரு முறை திறந்து, எல்லாவற்றையும் அமுக்கிவிட்டாள். கையில் மீன்குழம்பு இருந்ததால் கதவை மூடச் சோம்பலாக இருந்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, இனி போனால் போகட்டும் என்று படத்தை ஓடவிட்டாள்.

இந்த ஆட்டத்தை அவள் இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. ஏற்றும்போது அங்கங்கே பார்த்ததுதான். இப்போது ஒரு வாய் சோறும் ஒரு பாஸுமாகப் பார்த்தாள். இந்தப் பிள்ளைகளை எல்லாம் அவள் நற்கருணைப் பவனியிலும் கல்யாண வீடுகளிலும் தலை நிறையப் பூவோடு எடுத்திருக்கிறாள். சேலை நழுவாமல் இருக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு, சிரி என்றால் சிரிக்கிற பிள்ளைகள். இங்கே அவர்களே முழங்காலில் மண்ணும் வாயில் கத்தலுமாக, இடத்தை அகலமாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எதிரணி கோல் போட்டபோது பிரீனா சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். நம்முடையவள் கோல் போட்டபோது எழுந்து நின்றுவிட்டாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து கிளீட்டஸின் குரல் நடுவரைத் திட்டுவதும் தெளிவாகக் கேட்டது. அவன் அப்படி ஒரு வார்த்தை பேசுவான் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. இடைவேளை வந்தது. இரண்டாம் பாதியும் தொடங்கியது. கை காய்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் 'டொடுங்' வரவில்லை.

பிரீனா மெல்லத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, கதவை எடுத்துப் பொருத்திப் பிடித்துக்கொண்டாள். படம் ஓடியது, ஓடியது, நின்றது. எடுத்துவிட்டு, அணைத்துப் போட்டு, மறுபடியும் ஓடவிட்டாள். இந்தத் தடவை கதவுக்குப் பதிலாக ஒற்றை விரலால், டிஸ்க்கிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீலக் கேபிளின் தலையைக் கதவு எப்படித் தள்ளுமோ அப்படித் தள்ளினாள். உடனே நின்றது.

கல்யாண டிஸ்க்குக்கு இடம் வேண்டும் என்று போன மாதம் கிளீட்டஸ் இந்த டிஸ்க்கைக் கழற்றி மேல்தட்டில் திருப்பி வைத்திருந்தான். அங்கே கேபிளின் தலைக்கும் கதவுக்கும் நடுவில் இடமே இல்லை. கதவை மூடினால் தகடு போய்க் கேபிளை வளைக்கிறது. திறந்தால் விட்டுவிடுகிறது. பழுது பார்க்கத் திறக்கிறவர்கள் எல்லாருக்கும் அது ஓடிக் காட்டியிருக்கிறது. பிரீனா வெறும் வீட்டில் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமலேதான் போனையும் எடுத்தாள்.

"அண்ணா, கதவு!"

"என்ன கதவு?"

சொன்னாள். மறுமுனையில் ஒரு பெரிய வயிறு குலுங்குவது போனிலேயே கேட்டது. "நேரான தலைக்கு பதிலு நேரான தலையத்தானே நானும் மாட்டி விட்டேன்! வளைஞ்ச தலை உள்ளத போட்டா கதவுல தட்டாது. நம்ம கடையில கெடக்கு தங்கச்சி. நாளைக்கு வா, மாட்டித் தாறேன்."

"நாளைக்கு வேண்டாம். சாயங்காலம் படம் பாக்க வாருங்கோ. மைனியையும் கூட்டிக்கிட்டு."

ஆனால் வெட்டி ஒட்ட இனி நேரம் இல்லை. கோயில் மணி அடித்தபோது கிளீட்டஸ் வாடகைப் புரொஜெக்டரோடு வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் முகம் வெளுத்தது. பிறகு கதவைத் தானே இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். பிரீனா அதற்குள் டைபிரேக்கரை மட்டும் ஒரு சின்னப் பென் டிரைவில் ஏற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான் அதில் கொண்டது.

"பெட்டிய அப்பிடியே தூக்கிட்டுப் போவோம். தெறந்தபடியே" என்றாள்.

"அதுல என் சத்தம் முழுசும் கெடக்கும் பிரீனா. நான் ரெஃபரிய விளிச்சதெல்லாம்… ஃபாதர் முன் வரிசையில இரிப்பாரு."

"அந்த எடம் வரும்பம் நான் சத்தத்த குறைக்கேன். நீ திரைய கெட்டு."

மைதானத்தில் கடற்காற்று மணலைக் கொண்டுவந்தது. திறந்து கிடக்கிற பெட்டியைப் பார்த்த குளோரி ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு ஓடிப்போய், ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் மீன்பெட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து அதன் மேல் கவிழ்த்தாள். காற்றும் போகும், யார் காலும் படாது. என்ன கழுவினாலும் சாளை மீன் வாசம் மட்டும் போகவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பாயில் பிரீனா உட்கார்ந்தாள். குமாரதாஸும் அவர் மனைவியும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்கள். அவர் மீன்பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆட்டக்காரப் பெண்கள் ஒரு பக்கமாகக் கூடி, ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். லிஜா மட்டும் ஆகக் கடைசியில், கோயில் சுவரோரம் நின்றாள்.

ஏசுஅடிமை வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக, கல்யாணத்துக்கு வந்தவர் போல நடுவில் வந்து உட்கார்ந்தார். இப்போது கண்ணைத் திறந்திருந்தார். நாணயம் சுண்டப்பட்டதிலிருந்து அவர் ஓயவில்லை. "இடத்த விட்டு இடத்த விட்டு ஓடு!" "பைய, பைய!" "ஏட்டி, பின்னால ஆளு!" என்று திரையில் இருந்த பிள்ளைகளுக்குக் கரையிலிருந்து படகுக்குக் கத்துவது போலக் கத்தினார். எதிரணியின் கோலுக்கு, நடந்து முடிந்த ஆட்டம் என்பதையே மறந்து, தலையில் அடித்துக்கொண்டார். நம் கோல் விழுந்தபோது மைதானம் எழும்பியது. அந்த ஆரவாரத்தில் பிரீனாவும் எழும்பிவிட்டாள். ஆகவே சத்தத்தைக் குறைக்க மறந்தாள். கிளீட்டஸ் நடுவரை விளித்த அந்த வார்த்தை இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் ஏறிக் கடல் வரை போனது. ஃபாதர் பலமாக இருமினார். பிறகு அந்த இருமல் சிரிப்பாக மாறிவிட, கிளீட்டஸ் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

டைபிரேக்கர் வந்தபோது பிரீனா ஒரு கையை மீன்பெட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். அடியில் டிஸ்க் சுழல்வது உள்ளங்கையில் லேசாகத் தெரிந்தது. லிஜா பாய்ந்து தடுத்ததும் ஏசுஅடிமை எழுந்து நின்று, சுற்றிலும் திரும்பி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். இதோடு ஜெயித்தாயிற்று என்று நினைத்துவிட்டார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தது. திரையில் லிஜா கையுறையைச் சரிசெய்துகொண்டு, கோலை விட்டுப் பந்தை நோக்கி நடந்தாள்.

"இவ எதுக்கு அங்கன போறா?" என்றார் ஏசுஅடிமை.

குளோரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எடி, திரும்பிப் போ! நீ கோலியாக்கும்! யாருமில்லியா உதைக்க? லேய், யாராவது அவட்ட சொல்லுங்களேன்!"

திரையில் அவள் பந்தை வைத்தாள். பின்னால் நகர்ந்தாள். ஏசுஅடிமை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, போய் அவளைப் பிடித்து நிறுத்திவிடுகிறவர் போலத் திரையை நோக்கி நடந்தார். அவர் பாதி வழியில் இருக்கும்போது அவள் ஓடிவந்து உதைத்தாள்.

பந்து வலைக்குள் போனது. ஊர் பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தத்தையும் விட்டது. இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாரும் ஒரே நேரத்தில் அவரிடம் சொன்னார்கள். அவர் நீட்டிய கைகளோடு அப்படியே நின்றார். பிறகு திரும்பி, கூட்டத்துக்கு மேலாகச் சுவரோரம் தேடி, "லிஜா!" என்று கூப்பிட்டார். அது கடலில் கூப்பிடுகிற குரல்.

அவள் வரமாட்டேன் என்றாள். கூட்டுக்காரிகள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏசுஅடிமை குனிந்து, இருபது வயதுப் பெண் என்றும் பாராமல் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். புரொஜெக்டரின் வெளிச்சம் முழுவதும் அவர்கள் மேல் விழுந்தது. இரண்டு பேர் நிழலும் ஒன்றாகித் திரையை மறைத்தது.

"மறைக்காதியுங்கோ! நாங்க பாக்கண்டாமா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

படத்தை நிறுத்தலாமா என்று பிரீனா மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள். குளோரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும் மக்கா" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

படம் ஓடியது. வெற்றி பெற்ற பெண்கள் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். திரையில் ஓட இடமில்லாததால், ஏசுஅடிமையின் வெள்ளைச் சட்டை மேல் ஓடினார்கள். காற்றில் சட்டை புடைத்தபோது அவர்களும் புடைத்தார்கள். தோளில் இருந்தவள் கூச்சத்தில் முகத்தை மூடிக்கொள்ள, அந்தக் கைகளின் மேலும் சின்னச் சின்னப் பெண்கள் பச்சை மைதானத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு விழுந்தார்கள்.